கீஸருக்குக் குழாய் எங்கே என்று மகன் கேட்கிறான்

கேள்வி: ஐயா, மதுரை விளாங்குடியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். போன வருஷம் குளியலறைக்குள் 6 லிட்டர் கேஸ் கீஸர் ஒன்று மாட்டினோம். சிலிண்டர் பின்பக்க வராந்தாவில் இருக்கிறது, டியூப் மட்டும் சுவர் வழியாக உள்ளே வருகிறது. மகளை வளைகாப்பு முடித்துக் கூட்டி வந்திருக்கிறோம். மார்கழிக் குளிர் என்பதால் வென்டிலேட்டர் கண்ணாடிகளை அட்டை வைத்து அடைத்திருக்கிறோம். போன வெள்ளிக்கிழமை மகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள், கையோடு என் வீட்டுக்காரர் போனார். வெளியே வந்தவர் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு தடவை வாந்தியும் எடுத்தார். பிரஷர் சரியாக இருந்தது. கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் கிளிப்பை மாட்டிப் பார்த்தோம், 98 காட்டியது. பித்தம் என்று விட்டுவிட்டோம். கனடாவில் இருக்கும் மகனிடம் வீடியோ காலில் இதைச் சொன்னதும் கீஸரைக் காட்டச் சொன்னான். "எங்க வீட்டு அடித்தளத்துல, வீட்டைச் சூடாக்குற கேஸ் ஃபர்னஸுக்கு ரெண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் வெளியே போகுது. உங்க கீஸருக்குக் குழாய் எங்கேம்மா?" என்று கேட்கிறான். மாட்டிக் கொடுத்த மெக்கானிக்கோ, "அது பனி கொட்டுற ஊருக்கா. இந்தச் சின்னக் கீஸருக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும்" என்கிறார். ஃபேனும் வாங்கி வைத்தாகிவிட்டது. யார் சொல்வது சரி? மகன் சொல்கிற மாதிரி பி.வி.சி. குழாய் வைத்து நாமே புகையை வெளியே விடலாமா?
— விளாங்குடி வாசகி ஒருவர்

பதில்: அம்மா, மேற்கொண்டு படிக்கும் முன் ஒரு நடை வராந்தாவுக்குப் போய் அந்தக் கீஸர் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டு வாருங்கள். இன்றைக்கும் நாளைக்கும் அடுப்பில் வெந்நீர் போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் மகன் சொல்வதுதான் சரி. மெக்கானிக் தம்பி சொல்வதில் பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்பான பாதி ஆளைக் கொல்லக்கூடியது.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் விஷயம். அது பித்தமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடைத்த குளியலறை, உள்ளே கேஸ் நெருப்பு, ஒருவர் குளித்த கையோடு இன்னொருவர், வெளியே வந்ததும் தலைவலி, வாந்தி. இருபத்தெட்டு வருஷமாக மதுரையில் கேஸ் வேலை பார்க்கிறேன், இந்த வரிசையை இதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன். நெருப்புக்குப் போதிய காற்று கிடைக்காதபோது உண்டாகிற கார்பன் மோனாக்சைடுதான் இப்படிச் செய்யும். நிறமில்லை, வாடையில்லை, கண் எரியாது, இருமல் வராது. "கேஸ் வாடையே வரலையே" என்று எல்லாரும் சொல்வார்கள். நாம் வாடை என்று நினைப்பது, கசிந்தால் தெரியட்டும் என்று சிலிண்டர் கேஸில் கலக்கிற மெர்காப்டன் என்ற மருந்தின் நாற்றம். கேஸ் எரியும்போது அதுவும் சேர்ந்து எரிந்துவிடும். ஆகவே எரிந்த கேஸின் புகைக்கு அந்த வாடை வராது. வாடை வந்தால் கசிவு என்று எடுத்துக்கொள்ளலாம். வரவில்லை என்பதால் காற்று நல்ல காற்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த விரல் கிளிப்பை இந்த விஷயத்தில் நம்பவே கூடாது. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்து போகிற வண்டி. கார்பன் மோனாக்சைடு அந்த வண்டியில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஏறி உட்கார்ந்துகொள்ளும், சுலபத்தில் இறங்காது. வண்டி நிறைந்திருக்கிறதா என்று மட்டும்தான் கிளிப்புக்குத் தெரியும். ஏறியிருப்பது ஆக்சிஜனா விஷமா என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் அது 98 காட்டும். ரத்தம் எடுத்து கார்பாக்சி ஹீமோகுளோபின் என்று தனியாகப் பார்த்தால்தான் தெரியும், அதையும் உடனே பார்க்க வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே நாலைந்து மணி நேரத்தில் பாதி இறங்கிவிடும் என்பதால் வெள்ளிக்கிழமை ஏறியது இப்போது ரத்தத்தில் இருக்காது. இருந்தாலும் உங்கள் டாக்டரிடம், "கேஸ் கீஸர் போட்டுக் குளித்த பிறகு வந்தது" என்ற வார்த்தைகளோடு சொல்லுங்கள். ஞாபக மறதி, தடுமாற்றம் போன்றவை சில வாரம் கழித்துக்கூட தலைகாட்டலாம்.

மகளைப் பார்க்கிற டாக்டரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தாயின் ரத்தத்தில் ஏறுவதைவிட வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தில் இது அதிகமாக ஏறும், இறங்கவும் அதிக நேரம் எடுக்கும். தாய்க்கு லேசான தலைவலியோடு போனது பிள்ளைக்கும் லேசாகப் போயிருக்கும் என்று வீட்டில் இருக்கிற நாம் முடிவு செய்யக் கூடாது. இனி அந்தக் குளியலறைக்குள் கேஸ் நெருப்பு கூடவே கூடாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன், கணக்கைப் பார்த்தால்தான் மெக்கானிக் சொன்ன "சின்னக் கீஸர்" எவ்வளவு பெரியது என்று புரியும். நம் ஊர்க் குளியலறை பெரும்பாலும் ஆறடிக்கு நாலடி, எட்டடி உயரம். அதில் இருப்பது சுமார் 190 கன அடி காற்று. ஒரு கிலோ சமையல் கேஸ் முழுதாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர், அதாவது 420 கன அடிக்கு மேல் காற்று வேண்டும். 6 லிட்டர் கீஸர் முழு வேகத்தில் எரிந்தால் கால் மணி நேரத்தில் 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல் கேஸ் எரிக்கும். உங்கள் மகள் கால் மணி நேரம் தலைக்குக் குளித்திருந்தால், அடைத்த அறையில் இருந்த காற்றில் கிட்டத்தட்டப் பாதிக்கு நெருப்பு கணக்கு எழுதிவிட்டது. மீதியில் உங்கள் வீட்டுக்காரர் போய் மறுபடி கீஸரைத் திறந்திருக்கிறார். இதில் பாதிவரை போக வேண்டிய அவசியமே இல்லை. காற்றில் நூற்றுக்கு 21 பங்கு இருக்கிற ஆக்சிஜன் 18 பக்கம் வந்தாலே நெருப்பு சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு விடத் தொடங்கும். காற்றுப் புகாத அறையென்றால் அதற்கு அஞ்சாறு நிமிடம் போதும். கதவிடுக்கில் கொஞ்சம் காற்று வந்துபோனதால்தான் உங்கள் வீட்டில் அது தலைவலியோடு நின்றது.

கடையில், "20 நிமிஷத்துல தானா ஆஃப் ஆயிடும், பயப்படாதீங்க" என்றிருப்பார்கள். பல மாடல்களில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் குழாயை மூடித் திறந்தால் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அறையில் குறைந்த ஆக்சிஜன் அப்படித் திரும்பி வராது. ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கிற வீட்டுக்கு அந்த டைமர் காவல் இல்லை.

நம் பாட்டிமார் வீட்டில் செம்பு பாய்லர் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? நடுவில் ஒரு குழல், அதில் கரி, சுற்றிலும் தண்ணீர், புகை மேலே போகும். டீக்கடை பாய்லரும் அதே ஜாதிதான். அதை எங்கே வைப்பார்கள்? முற்றத்தில் அல்லது கொல்லையில். வெந்நீரைத்தான் வாளியில் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள், நெருப்பைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. புகை கண்ணை எரித்ததால் அதை வெளியே வைத்தார்கள். கேஸ் புகை கண்ணை எரிக்காததால் உள்ளே கொண்டுவந்துவிட்டோம்.

சரி, எக்ஸாஸ்ட் ஃபேன். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஃபேன் காற்றை வெளியே தள்ளும், சரி. தள்ளுகிற அளவுக்குக் காற்று எங்கிருந்தோ உள்ளே வரவேண்டுமே, அது எந்த வழியாக வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இப்போது போடுகிற பி.வி.சி. கதவுகளுக்கு அடியில் விரல்கூட நுழையாது. மேலே ஃபேன் இழுக்கிறது, கீழே அடைப்பு. அப்போது அறை எந்த ஓட்டை கிடைத்தாலும் அதன் வழியாக மூச்சு வாங்கும். கீஸருக்குப் புகைக்குழாய் போட்டிருந்தால், அந்தக் குழாய் வழியாகவே வெளிக்காற்று உள்ளே இறங்கும், கூடவே கீஸரின் புகையும் திரும்பி அறைக்குள் கொட்டும். கீஸரை வெளியே வென்டிலேட்டருக்குக் கீழே மாட்டியிருந்தால், உள்ளே இருக்கிற ஃபேன் அந்தப் புகையை வென்டிலேட்டர் வழியாக இழுத்துக் குளிக்கிறவர் முகத்தில் விடும். புகையை வெளியேற்ற மாட்டிய ஃபேன் புகையை உள்ளே கொண்டுவரும் வேலையைச் செய்யும்.

குளியலறையில் ஃபேன் மாட்டியிருக்கிற எந்த வீட்டிலும் இதைப் பார்க்கலாம். கீஸரை ஏற்றாமல், சிலிண்டர் மூடியிருக்கும்போதே செய்யுங்கள். ஒரு வீட்டில் நான் செய்து காட்டியதைச் சொல்கிறேன். குளியலறைக் கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைக்கு ஒரு சாண் முன்னால் பிடித்தேன். மேலே போகவேண்டிய புகை வென்டிலேட்டர் பக்கமே போகாமல், அங்கிருந்து அறைக்குள் வளைந்து, நேராக ஃபேனைப் பார்த்து நூல் பிடித்த மாதிரி ஓடியது. அந்த வீட்டம்மா, "வெளிய போகணும்னுதானே ஜன்னல் வச்சோம்?" என்றார். கதவை ஒரு சாண் திறந்ததும் புகை நிமிர்ந்து மேலே போனது. ஜன்னல் காற்றை விடுமா இழுக்குமா என்பதை அந்த ஜன்னல் தீர்மானிப்பதில்லை, அறையில் ஓடுகிற மற்றவைதான் தீர்மானிக்கின்றன.

உங்கள் மகனின் ஊரில் இது பழைய பாடம். அங்கே பழைய மாடல் ஃபர்னஸ்களுக்கு இரட்டைத் தகடு போட்ட உலோகக் குழாய் கூரைக்கு மேலே போகும். சூடான புகை தன் லேசினாலேயே ஏறிப் போகும். வீட்டை இறுக அடைத்துக்கொண்டு சமையலறைச் சிம்னி, துணி காயவைக்கிற மெஷின், குளியலறை ஃபேன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டினால், வீடு காற்றுக்குத் தவித்து அந்தக் குழாய் வழியாகவே வெளிக்காற்றை இழுத்துவிடும், புகை திரும்பிவிடும். அதனால்தான் புது மாடல்களில் நெருப்பைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டார்கள். மகன் சொன்ன இரண்டு வெள்ளைக் குழாய்களில் ஒன்று வெளியிலிருந்து காற்றை நேராக நெருப்புக்குக் கொண்டுவரும், மற்றது புகையை வெளியே தள்ளும். நெருப்புக்குத் தனி மூச்சு, வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தனி மூச்சு. ஒன்டாரியோ மாகாணத்தில் 2014 முதல், கேஸ் எரிகிற வீடுகளில் படுக்கை அறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

ஆனால் அந்த வெள்ளைக் குழாயைப் பார்த்து நாம் பி.வி.சி. வாங்கப் போகக் கூடாது, மெக்கானிக் சொன்னதில் சரியான பாதி இதுதான். அந்த ஃபர்னஸ் புகையில் இருக்கிற சூட்டை இரண்டாவது தடவையும் பிழிந்து எடுத்துவிடுகிறது. கடைசியில் வெளிவருகிற புகை கைபொறுக்கிற சூட்டில்தான் இருக்கும், அதில் உள்ள நீராவி தண்ணீராகவே சொட்டும். அதை ஒரு சின்ன ஃபேன் வெளியே தள்ளுகிறது. அதனால் பிளாஸ்டிக் தாங்கும். அங்கேயும் அதற்கென்றே சான்று பெற்ற பிளாஸ்டிக் குழாயைத்தான் போடவேண்டும், தண்ணீர்க் குழாயைப் போட முடியாது. நம் கீஸரின் தலையில் வருகிற புகை 150 டிகிரியைத் தாண்டிப் போகும். பி.வி.சி. 80 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். இளகி, தொய்ந்து, வாய் மூடிக்கொண்டால் உள்ளே இருக்கிறவருக்குத் தெரியாது. உங்கள் கீஸர் மாடலுக்குக் குழாய் மாட்ட மேலே வட்டமான வாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் கடைகளில் விற்கிற பலவற்றுக்கு மேலே நீளமான வெட்டுகள் மட்டும்தான் இருக்கும். அதன் தலையில் தகரத்தை வளைத்துக் கவிழ்த்து, பிளம்பர் மூளையால் ஒரு சிம்னி செய்வது, இருக்கிற வாயையும் தைத்துவிட்டது போலத்தான். புகை போகிற வேகம் குறைந்து நெருப்பே கெட்டுப்போகும்.

குழாய் போட்டால் மட்டும் முடிந்துவிடாது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் பைபாஸ் ரோடு பக்கம் ஒரு அடுக்குமாடி. மூன்றாவது மாடியில் ஒரு பெரியவருக்குக் காலையில் குளித்தால் கிறுகிறுப்பு. இரண்டு தடவை பாத்ரூமிலேயே விழுந்திருக்கிறார். சுகர் குறைகிறது என்றார்கள், வலிப்பு என்றார்கள், மாத்திரைகூடக் கொடுத்துவிட்டார்கள். அவர் வீட்டில் கேஸ் கீஸரே கிடையாது, கரண்டு கீஸர். அடுப்பு சர்வீஸுக்குப் போன எனக்கு இந்தக் கதை காதில் விழுந்ததும், கை கழுவுகிற சாக்கில் குளியலறைக்குள் போனேன். வென்டிலேட்டரின் கீழ்ப் பட்டைக் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தேன். மையிட்ட மாதிரி கறுப்பு. வெளியே எட்டிப் பார்த்தால் மூன்றடி அகலத்தில் குழாய்கள் இறங்குகிற டக்ட். இரண்டாவது மாடிக்காரர் தன் கீஸருக்கு முறையாக ஸ்டீல் குழாய் போட்டு, அதை அந்த டக்டுக்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறார். மேலே மொட்டைமாடியில், மழை விழுகிறது என்று யாரோ டக்டின் வாயை ஃபைபர் ஷீட் போட்டு மூடியிருந்தார்கள். கீழ்வீட்டுப் புகைக்கு இருந்த ஒரே வழி மேல்வீட்டு வென்டிலேட்டர். முறையாகக் குழாய் போட்ட என்மேல் தப்பில்லை என்று இரண்டாவது மாடிக்காரர் வாதாடினார். குழாய் எங்கே முடிகிறது என்பதில்தான் தப்பு. சொந்த வீடாக இருந்தாலும் பக்கத்து வீட்டு ஜன்னல் உங்கள் சுவரிலிருந்து எத்தனை அடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். விளாங்குடிப் பக்கம் புது வீடுகளுக்கு நடுவில் சந்து இரண்டரை அடிகூட இருப்பதில்லை.

ஆக, உங்களுக்கு நான் சொல்வது குழாயும் இல்லை, ஃபேனும் இல்லை. கீஸரைக் கழற்றி வராந்தாச் சுவரில் மாட்டுங்கள். சிலிண்டர் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, பாதி வேலை முடிந்தது. கேஸ் டியூப் சுவரைத் துளைத்து வருவதும் இதோடு ஒழியும். டியூப் சுவருக்குள் மறைந்து ஓடினால் வெடிப்பு விழுந்தாலும் கண்ணில் படாது. புதிதாக மாட்டும்போது ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்பாக, ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும், ஐந்து வருஷத்தில் மாற்றிவிடுங்கள். அடுப்புச் சிலிண்டரிலிருந்தே 'டி' (T) வடிவ இணைப்பு போட்டு இழுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சுவரைத் துளைத்து உள்ளே போகவேண்டியது வெந்நீர்க் குழாய் ஒன்றுதான். அது சூடு தாங்குகிற சி.பி.வி.சி. குழாயாக இருக்கட்டும், சாதாரண பி.வி.சி. வெந்நீருக்கும் ஆகாது. குளிக்கிறவர் குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓடும், தண்ணீர் ஓடினால் கீஸர் தானே பற்றிக்கொள்ளும், மூடினால் அணையும். நடுவில் குழாயில் நிற்கிற பச்சைத் தண்ணீர் ஒரு சொம்பு அளவுக்கு முதலில் வரும், அவ்வளவுதான் நஷ்டம். மாட்டுகிற இடம் குளியலறை வென்டிலேட்டருக்கு நேர் கீழே வேண்டாம், பக்கவாட்டில் தள்ளியிருக்க வேண்டும். நான் எந்த ஜன்னலிலிருந்தும் நாலடி தள்ளித்தான் மாட்டுவேன், அதற்கு இடமில்லை என்றால் வேலையை எடுத்துக்கொள்ள மாட்டேன். மேலே சன்ஷேடு இருந்தால் ஐப்பசி மழைக்குப் பயமில்லை. காற்று நேராக அடித்து நெருப்பை அணைக்கிற இடமாக இருந்தால் ஒரு பக்கம் தகடு வைத்து மறைக்கலாம். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று கதவு போட்ட அலமாரி செய்து அதற்குள் வைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் குளியலறையைவிடச் சின்ன அறைக்குள் அதை மாற்றியதாகத்தான் ஆகும். வராந்தாவுக்குக் கண்ணாடி அடைத்து ரூமாக்குகிற யோசனை வீட்டுக்காரருக்கு இருந்தால், கீஸரா ரூமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளட்டும்.

கீஸரை வெளியே மாட்ட முடியவில்லை என்றால் அதை விற்றுவிட்டுக் கரண்டு கீஸர் வாங்குவதுதான் என் யோசனை. தனிக் குழாய் வழியே வெளிக்காற்றை இழுத்து வெளியே விடுகிற கேஸ் மாடல்களும் இருக்கின்றன, விலையும் மாட்டுகிற கூலியும் அதிகம். கரண்டு பில் ஏறும் என்ற பயத்தில்தான் பலர் கேஸுக்குப் போகிறார்கள். மதுரைத் தண்ணீர் மார்கழியிலும் அப்படியொன்றும் உறைந்துபோவதில்லை. ஒருவர் குளிக்கிற ஒரு வாளியை இதமான சூட்டுக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். நாலு பேருக்கு இரண்டு யூனிட். மொட்டைமாடியில் வெயில் வீணாகிற ஊரில் சூரிய வெந்நீர்த் தொட்டியைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கரண்டு கீஸருக்கு எர்த்தும், கரண்டு கசிந்தால் தானே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. சுவிட்சும் சரியாக இருக்கவேண்டும், அது இன்னொரு நாள் பேசவேண்டிய கதை.

வெளியே மாட்டினாலும் வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் வேண்டும். உங்கள் பக்கம் போர் தண்ணீர் என்றால் உப்பு படிந்து சுருள் குழாய் உள்ளே அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மெலிந்து வரும், கொதித்துத் துப்பும். செம்பு இதழ்களுக்கு நடுவே கரி அடைத்தால் புகை ஏற வழியில்லாமல் நெருப்பு மஞ்சளாகும். முன்பக்கச் சின்னக் கண்ணாடி வழியாகக் குனிந்து பாருங்கள். நெருப்பு அடுக்கிவைத்த மாதிரி வரிசையாக நீலமாக நிற்க வேண்டும். மஞ்சள் நுனி ஆடினாலும், கீஸரின் நெற்றியில் கறுப்புப் படிந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ஆனால் நீலமாக எரிகிறதே என்று மட்டும் பார்த்து உள்ளே மாட்டிய கீஸரை நம்பிவிடாதீர்கள். காற்று குறையக் குறைய அதே நீல நெருப்புதான் விஷத்தையும் விடும்.

மகன் அலாரம் வாங்கி அனுப்புகிறேன் என்றால் அனுப்பட்டும், படுக்கை அறைக்குப் போகிற நடையில் மாட்டுங்கள். குளியலறைக்குள் வேண்டாம், ஆவி பட்டுக் கெட்டுவிடும். அதிலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊர் அலாரங்கள் விஷம் மூக்கில் பட்டதும் கத்துகிறவை அல்ல. பத்து லட்சத்தில் 70 பங்கு என்ற அளவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால்தான் கத்தும். 400 பங்கு வந்தால்கூட நாலு நிமிடத்திலிருந்து கால் மணி நேரம்வரை எடுத்துக்கொள்ளலாம். இரவெல்லாம் ஃபர்னஸ் ஓடுகிற வீட்டில் தூங்குகிறவரை எழுப்ப அது நல்ல காவல். ஆறடிக் குளியலறையில் பத்து நிமிடத்தில் நடந்து முடிகிற காரியத்துக்கு அது வந்து சேராது.

கொடைக்கானல் போகிற எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. குளிருக்கு இதமாக இருக்கும் என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி நம் பேப்பர்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது. விஷம் அதே விஷம்தான், அடுப்பு மட்டும் வேறு.

யாராவது குளியலறையில் விழுந்துவிட்டால், கூப்பிட்டுக்கொண்டு வெளியே நிற்காதீர்கள். ஒருவர் வராந்தாவில் ரெகுலேட்டரை மூடட்டும், இன்னொருவர் கதவைத் தள்ளித் திறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளை வெளியே இழுத்துப் போடட்டும். உள்ளே உட்கார்ந்து தண்ணீர் தெளித்து எழுப்பப் பார்த்தவரும் கூடவே விழுவதுண்டு. 108-ஐக் கூப்பிட்டு, வருகிறவரிடமும் பெரியாஸ்பத்திரியில் பார்க்கிற டாக்டரிடமும் முதல் வார்த்தையாகக் கேஸ் கீஸர் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் வலிப்பு, சுகர், பிரஷர் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். தெரிந்துவிட்டால் முகமூடியில் முழு ஆக்சிஜன் வைப்பார்கள், ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை விஷம் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். கசிவு வாடை வந்தால் அது வேறு வழி, அதற்கு 1906.

மெக்கானிக் தம்பியிடம் சண்டை போடவேண்டாம். அவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கடையில் அட்டைப்பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். அவரையே கூப்பிட்டு வராந்தாவுக்கு மாற்றச் சொல்லுங்கள். வாங்கிவைத்த ஃபேனைச் சமையலறையில் மாட்டிக்கொள்ளலாம், அங்கே கொல்லைக் கதவு திறந்தே இருக்கும். கழற்றிய இடத்தில் டியூப் வந்த பழைய ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள், அதையே கொஞ்சம் பெரிதாக்கினால் வெந்நீர்க் குழாய்க்குப் போதும். வென்டிலேட்டரில் வைத்த அட்டையை இன்றே எடுத்துவிடுங்கள். கொத்தனார் வேலை அரை நாள்தான், பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற ஆள் வருவதற்கு முன்னால் முடித்துவிட்டால் பூச்சும் சேர்ந்துவிடும்.